பங்குத் தொகுப்பில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

டீமேட் கணக்கைத் திறந்தவுடன் சிவப்பு நிறத்தில் தெரியும் எண், நஷ்டத்தின் அளவைச் சொல்கிறது. அதன் காரணத்தைச் சொல்வதில்லை. கோளாறு நிறுவனத்தின் கணக்கில் இருக்கலாம், அது இயங்கும் துறையின் ஏற்ற இறக்கத்தில் இருக்கலாம், நாம் கொடுத்த விலையில் இருக்கலாம், அல்லது நல்ல பங்கையே தாங்க முடியாத அளவுக்கு வாங்கி வைத்ததில் இருக்கலாம். இந்த நான்கையும் பிரித்தறியாமல் எடுக்கும் முடிவுகளே சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பை அதிகம் கரைக்கின்றன என்பது என் உறுதியான கருத்து. துறை முழுவதும் சில காலாண்டுகள் தளரும்போது நல்ல நிறுவனத்தை விற்றுவிடுகிறார்கள். நிறுவனமே உள்ளிருந்து அரிக்கப்படும்போது மலிவாகக் கிடைக்கிறதென்று மேலும் வாங்குகிறார்கள். எனவே இங்கே ஒவ்வொரு அறிகுறியையும் எடுத்துக்கொண்டு, எதை எந்த வரிசையில் சோதிக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பெயர் சொல்லப்படும் நிறுவனங்கள் யாவும் நடந்து முடிந்தவற்றுக்கான உதாரணங்கள். வாங்கவோ விற்கவோ செய்யும் பரிந்துரைகளாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

சோதனைக்கு முன் தேவைப்படும் ஒரே அட்டவணை

நம் பங்குகளை மின்னணு வடிவில் பாதுகாத்து வைக்கும் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் மின்னஞ்சலில் அனுப்பும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு தரகர்களிடம் உள்ள பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். அதை வைத்து ஐந்து பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையைத் தயாரிக்க வேண்டும்: பங்கின் பெயர், இன்றைய சந்தை மதிப்பு, மொத்தத்தில் அதன் சதவீதம், துறை, கடைசியாக அந்த நிறுவனத்தின் வருமானம் எதை நம்பியிருக்கிறது என்பது. சதவீதத்தை வாங்கிய விலையில் கணக்கிடக் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 50,000 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 4 லட்சமாகியிருந்தால், ஆபத்தில் இருப்பது 4 லட்சம்தான்.

ஐந்தாவது பத்தியைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை. கீழே வரும் சோதனைகளில் பாதி அதை நம்பியே நிற்கின்றன என்பதால், அதை நிரப்பிய பிறகே மேலே செல்லுங்கள். ஆண்டறிக்கையில் உள்ள நிர்வாகத்தின் ஆய்வுரையை ஒருமுறை பொறுமையாகப் படித்தால், கச்சா எண்ணெய், வட்டி விகிதம், அமெரிக்க நிறுவனங்களின் செலவு, மழை, அரசின் கட்டுமானச் செலவு ஆகியவற்றில் எது அந்த நிறுவனத்தைத் தூக்குகிறது, எது சாய்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

அறிகுறி: நிஃப்டி சிறிது இறங்கினாலும் தொகுப்பு பெரிதாக இறங்குகிறது

முதலில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். மொத்தத்தில் 25 சதவீதமாக உள்ள ஒரு பங்கு 8 சதவீதம் விழுந்தால், மற்றவை அசையாமல் இருந்தாலும் தொகுப்பு 2 சதவீதம் குறையும். அப்படிப்பட்ட பெரிய பங்கு எதுவும் இல்லையென்றால், சந்தை மதிப்பில் 250ஆம் இடத்துக்குக் கீழே உள்ள நிறுவனங்களில் எவ்வளவு பணம் இருக்கிறதென்று கூட்டிப் பாருங்கள். மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வெளியிடும் பட்டியலில் முதல் 100 நிறுவனங்கள் பெரியவை, அடுத்த 150 நடுத்தரமானவை, மீதி அனைத்தும் சிறியவை என்று வகைப்படுத்தப்பட்டிருக்கும். சிறிய நிறுவனங்களின் எடை, அதாவது மொத்தத்தில் அவற்றின் சதவீதம், அதிகமாக இருந்தால், 50 பெரிய நிறுவனங்களின் குறியீடான நிஃப்டியோடு ஒப்பிடுவதே தவறான அளவுகோல். சிறு நிறுவனக் குறியீட்டோடு ஒப்பிட்ட பிறகே கோளாறு உண்டா என்று முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, தரகரிடம் கடன் பெற்று வாங்கிய பங்கு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தப் பணம் 1 லட்சம், கடன் 1 லட்சம் என்று இருந்தால், பங்கு 10 சதவீதம் இறங்கும்போது சொந்தப் பணத்தில் 20 சதவீதம் போய்விடும். மேலும் இறங்கினால், நாம் விரும்பாத விலையில் தரகரே விற்றுவிடுவார். இந்தக் காரணம் உறுதியானால் வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் கடனை முதலில் அடைத்துவிட வேண்டும்.

இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாது. நிஃப்டி 50 குறியீட்டிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நிதித்துறைக்கு உரியது. பாதிப் பணத்தைக் குறியீட்டு ஃபண்டிலும் மறு பாதியை நேரடியாக வங்கிப் பங்குகளிலும் வைத்திருப்பவர், பரவலாக முதலீடு செய்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்போதே, மொத்தப் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே துறையில் வைத்திருக்கிறார்.

அறிகுறி: பங்குகள் இருபது இருந்தும் எல்லாம் சேர்ந்தே விழுகின்றன

இது மிகவும் பரவலான கோளாறு என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். துறைப் பெயர்கள் வெவ்வேறாக இருந்தாலும் வருமானத்தின் ஊற்று ஒன்றாக இருந்தால், பத்துப் பங்குகளும் ஒரே பங்கைப் போலத்தான் நடந்துகொள்ளும்.

தமிழ்நாட்டு முதலீட்டாளர் ஒருவர் தமக்கு நன்கு தெரிந்த சென்னை நிறுவனங்களையே வாங்கி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அசோக் லேலண்ட் வாகனத் துறை; சோழமண்டலம், ஸ்ரீராம் பைனான்ஸ், சுந்தரம் பைனான்ஸ் ஆகியவை நிதித்துறை; எம்ஆர்எஃப் டயர் உற்பத்தி; இவற்றோடு உதிரிபாகம் செய்யும் இரண்டு சிறு நிறுவனங்கள். துறைப் பத்தியில் நான்கு பெயர்கள் இருக்கும். ஐந்தாவது பத்தியில் கிட்டத்தட்ட எல்லா வரியிலும் ஒரே சொல்தான் வரும்: லாரி. லாரி உரிமையாளருக்குச் சரக்குக் கிடைத்தால் அவர் புது வண்டி வாங்குவார், அதற்குக் கடன் பெறுவார், பெற்ற கடனுக்குத் தவணை கட்டுவார், டயர் மாற்றுவார். சரக்கு குறைந்தால் இவை அனைத்தும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

2018 முதல் 2020 வரை நடந்ததும் இதுவே. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகள் ஏற்றிச் செல்லக்கூடிய எடை வரம்பை உயர்த்தியது; அதனால் ஓடிக்கொண்டிருந்த வண்டிகளே கூடுதல் சரக்கை ஏற்ற முடிந்தது, புது வண்டிக்கான தேவை குறைந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உள்கட்டமைப்பு நிதி நிறுவனமான ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமம் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறியதும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் கிடைப்பது இறுகியது. அதன்பின் பொருளாதார வளர்ச்சி தளர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 மாசு விதிகள் வரவிருந்ததால் பழைய இருப்பைத் தீர்க்கும் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 2018-19 நிதியாண்டில் சுமார் 10.07 லட்சமாக இருந்த நாட்டின் வணிக வாகன விற்பனை, 2019-20இல் சுமார் 7.18 லட்சமாகக் குறைந்தது. நடுத்தர, கனரக வாகனங்களில் மட்டும் சரிவு 40 சதவீதத்தைத் தாண்டியது. 2020 மார்ச்சில் கொரோனாவும் வந்து, ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் இறுதி வரை தவணைகளுக்கு அவகாசம் கொடுக்க அனுமதித்தபோது, கடன் கொடுத்த நிறுவனங்கள்மீது சந்தைக்கு இருந்த அச்சம் உச்சத்துக்குச் சென்றது.

இந்த இடத்தில் அவசரப்பட்டு எல்லாவற்றையும் விற்பது சரியான தீர்வாகாது. ஒரே ஊற்றை நம்பும் நிறுவனங்களுக்கிடையே அடிப்படை வலிமையில் பெரிய வேறுபாடு உண்டு. டயர் நிறுவனத்துக்குப் புது வண்டி விற்பனை நின்றாலும், ஓடும் வண்டிகளுக்கு மாற்று டயர் விற்கும் சந்தை இருக்கிறது. பழைய வாகனங்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம், புது வாகனங்களை மட்டும் நம்பும் நிறுவனத்தைவிட வேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே அட்டவணையை ஐந்தாவது பத்தியின்படி மறுபடி வரிசைப்படுத்தி, ஒரே ஊற்றை நம்பும் பங்குகளின் சதவீதத்தைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 30 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் குழுவுக்குள் கடன் அதிகமாகவும் பணவரவு குறைவாகவும் உள்ள நிறுவனத்திலிருந்து குறைக்கத் தொடங்குங்கள். 30 என்பது நானாக வைத்துக்கொண்ட வரம்பு. உங்கள் வரம்பு 25 ஆகவும் இருக்கலாம், ஆனால் சரிவு வருவதற்கு முன்பே அது எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

லாரிக்குச் சொன்னது மற்ற ஊற்றுகளுக்கும் பொருந்தும். பெயின்ட், டயர், விமானச் சேவை, எண்ணெய் விற்பனை நிறுவனங்கள் ஆகியவை கச்சா எண்ணெய் விலை ஏறினால் சேர்ந்தே அழுத்தத்துக்கு உள்ளாகும். எண்ணெய் தோண்டி எடுக்கும் ஓஎன்ஜிசி போன்ற நிறுவனத்துக்கு அதே விலையேற்றம் வருமானமாகும். டிசிஎஸ், இன்ஃபோசிஸ், விப்ரோ, எச்சிஎல் டெக் நான்கையும் வைத்திருப்பவர் நான்கு நிறுவனங்களுக்குச் சொந்தக்காரர் என்றாலும், அமெரிக்க, ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் தொழில்நுட்பச் செலவு என்ற ஒன்றின்மீதே பணத்தை வைத்திருக்கிறார். 2022ஆம் ஆண்டில் நிஃப்டி 50 சுமார் 4 சதவீதம் உயர்ந்தபோது, நிஃப்டி ஐடி குறியீடு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

துறைப் பங்கீட்டால் தீர்க்க முடியாத சரிவும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அந்த ஆண்டு ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச்சின் அடிமட்டம் வரை 38 சதவீத அளவுக்குச் சரிந்தது. அன்று மருந்து நிறுவனங்கள் முதல் வங்கிகள் வரை எல்லாமே இறங்கின. அத்தகைய நாளுக்கான பாதுகாப்பு பங்குச் சந்தைக்கு வெளியேதான் இருக்கிறது: வைப்புநிதி, அரசுக் கடன் பத்திரம், தங்கம், குறைந்தபட்சம் சில மாதக் குடும்பச் செலவுக்கான ரொக்கம். எந்தப் பங்கை மாற்றினாலும் இந்த அறிகுறி நீங்கவில்லையென்றால், பங்குகளுக்கு ஒதுக்கிய மொத்தத் தொகையே கூடுதலாக இருக்கிறது என்று பொருள்.

அறிகுறி: துறை நிலையாக இருக்க, ஒரு பங்கு மட்டும் விழுகிறது

முதலில் விலை உண்மையிலேயே விழுந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். போனஸ், பங்குப் பிரிப்பு, தொழில் பிரிப்பு ஆகியவற்றின்போது விலை தானாகவே சரிசெய்யப்படும். 2024 அக்டோபர் இறுதியில் ரிலையன்ஸ் பங்கு பாதியானது ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததால்தான். பங்குச் சந்தையின் இணையதளத்தில் நிறுவனத்தின் அறிவிப்புகள் பகுதியைத் திறந்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்படி ஏதும் இல்லையென்றால் அதே பகுதியில் மூன்றைத் தேடுங்கள்: தணிக்கையாளர் பதவிக்காலம் முடியுமுன் விலகினாரா, கடன் தர மதிப்பீடு குறைக்கப்பட்டதா, நிதித் தலைமை அதிகாரி திடீரென்று மாறினாரா. மூன்றில் தணிக்கையாளர் விலகலை நான் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்வேன். 2018 மே மாதம் மான்பசந்த் பெவரேஜஸ் நிறுவனத்தின் ஆண்டு முடிவுகள் வெளிவரவிருந்த வேளையில் தணிக்கை நிறுவனம் விலகியது. அதன்பின் பங்கு நாள்தோறும் கீழ் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்படும் எல்லையில், முடங்கியது. தாமதித்தவர்களுக்கு அந்த நாள்களில் விற்பது மிகக் கடினமானது.

அடுத்து, காலாண்டுப் பங்குடைமை அறிக்கையில் புரொமோட்டர்கள், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மை உரிமையாளர்கள், அடமானம் வைத்த பங்குகளின் சதவீதத்தைப் பாருங்கள். அடமானம் ஏன் ஆபத்து என்றால், விலை இறங்கும்போது கடன் கொடுத்தவர் கூடுதல் ஈடு கேட்பார். கிடைக்காவிட்டால் பங்குகளைச் சந்தையில் விற்பார். அந்த விற்பனையே விலையை மேலும் இறக்கும். நிறுவனத்தின் தொழில் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் இது நிகழும். 2019 ஜனவரி 25 அன்று ஜீ என்டர்டெயின்மென்ட் பங்கு ஒரே நாளில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தபோது, தொலைக்காட்சித் தொழில் லாபத்தில்தான் இருந்தது. நெருக்கடி அதன் புரொமோட்டரான எஸ்ஸெல் குழுமத்தின் மற்ற கடன்களில் இருந்தது. அடமான விகிதம் கால் பங்கைத் தாண்டி, காலாண்டுக்குக் காலாண்டு ஏறிக்கொண்டும் இருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தப் பங்கின் எடையைக் குறைத்துவிடுவது நல்லது.

அறிகுறி: லாபம் ஆண்டுதோறும் வளர்கிறது, கடனும் கூடவே வளர்கிறது

லாபம் ஈட்டும் நிறுவனம் ஏன் கடன் வாங்கிக்கொண்டே இருக்கிறது என்ற கேள்விக்கு, பணப்புழக்க அறிக்கையில் விடை இருக்கும். கடந்த ஐந்து ஆண்டுகளின் நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே ஐந்து ஆண்டுகளின் செயல்பாட்டுப் பணவரவையும் கூட்டுங்கள். ஓர் ஆண்டை மட்டும் ஒப்பிட வேண்டாம், ஏனெனில் சரக்கு இருப்பு, பண்டிகைக்கால விற்பனை போன்றவை ஓர் ஆண்டின் எண்ணைப் புரட்டிவிடும். ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையில் பணவரவு லாபத்தில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால், விற்ற பொருளுக்குப் பணம் வரவில்லை என்றோ, பொருள் கிடங்கில் தேங்குகிறது என்றோ கொள்ள வேண்டும். வரவேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்ந்தால் முதலாவது. சரக்கு இருப்பு அப்படி வளர்ந்தால் இரண்டாவது.

நிறுவனம் பெரிய கடன் இல்லாமல், பெரிய ரொக்கத்தோடு இருப்பதாகக் காட்டினாலும் ஒரு சோதனை உண்டு. ரொக்கத்துக்கு வட்டி வர வேண்டும். அந்த வட்டி வருமானக் கணக்கில் எழுதப்பட்டால் மட்டும் போதாது, பணப்புழக்க அறிக்கையில் பெறப்பட்ட வட்டியாகவும் தெரிய வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டப்பட்ட தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றும், வரவேண்டிய வட்டியாகக் காட்டப்பட்ட 376 கோடியும் இல்லாததே என்றும் ஒப்புக்கொண்டார். அன்று ஒரே நாளில் பங்கின் மதிப்பில் முக்கால் பங்குக்கும் மேல் போயிற்று. அங்கும் புரொமோட்டர்களின் உடைமை மிகவும் சுருங்கி, அடமானத்தில் இருந்தது. புரொமோட்டர் அடமானத்தை வெளியிட வேண்டும் என்ற, பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி அந்த நிகழ்வுக்குப் பிறகு வந்ததுதான். இன்று அந்தத் தகவல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கும்போது, அதைப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணமே இல்லை.

கடனைத் தாங்கும் திறனை அளக்க, வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டிச் செலவால் வகுக்க வேண்டும். விடை 3க்கு மேல் இருந்தால் நிம்மதி, 1.5க்குக் கீழே வந்தால், ஒரு மோசமான ஆண்டு போதும், வட்டி கட்டவே கடன் வாங்க வேண்டியிருக்கும். இந்தப் பகுதியில் உள்ள எந்தச் சோதனையையும் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் பொருத்த வேண்டாம். கடன் கொடுப்பதே அவற்றின் தொழில் என்பதால், வளரும் நிதி நிறுவனத்தின் செயல்பாட்டுப் பணவரவு இயல்பாகவே எதிர்மறையாக இருக்கும்.

அறிகுறி: இறங்க இறங்க வாங்கினேன், மேலும் இறங்குகிறது

ஆவரேஜ் செய்வதில், அதாவது விலை இறங்கும்போது மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பதில், உள்ள ஏமாற்றம் எண்களில்தான் தெரியும். 400 ரூபாயில் 100 பங்குகள், 200 ரூபாயில் 200 பங்குகள், 100 ரூபாயில் 400 பங்குகள் என்று ஒருவர் ஒவ்வொரு முறையும் 40,000 ரூபாய் போட்டால், சராசரி விலை ஏறக்குறைய 171 ரூபாய்க்கு வந்துவிடும். மனத்துக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் முதலில் 40,000 ரூபாயாக இருந்த ஆபத்து இப்போது 1,20,000 ரூபாயாகியிருக்கிறது. அதுவும் சந்தை தொடர்ந்து சந்தேகிக்கும் ஒரே நிறுவனத்தில்.

யெஸ் வங்கியின் கதை இந்த வழியில் பலரின் சேமிப்பைத் தின்றது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட அந்தப் பங்கு, ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 5 அன்று பணம் எடுப்பதற்கு 50,000 ரூபாய் வரம்பு விதித்த மறுநாள், வர்த்தகத்தின் நடுவே 6 ரூபாய்க்கும் கீழே போனது. எச்சரிக்கை முன்பே பொதுவெளியில் இருந்தது. 2015-16 நிதியாண்டுக்கு வங்கி காட்டிய வாராக் கடனுக்கும் ரிசர்வ் வங்கி கணக்கிட்ட வாராக் கடனுக்கும் இடையே சுமார் 4,177 கோடி ரூபாய் வேறுபாடு இருந்தது. அடுத்த ஆண்டுக்கு அது சுமார் 6,355 கோடியாக இருந்தது. 2018 செப்டம்பரில் தலைமைச் செயல் அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி 2019 ஜனவரியோடு முடித்துக்கொள்ளச் சொன்னது. இவ்வளவுக்கும் பிறகு, பங்கு மலிவாகிவிட்டது என்பது வாங்குவதற்கான காரணமாக இருந்திருக்கக் கூடாது.

வங்கிப் பங்கு இறங்கும்போது பார்க்க வேண்டியவை நான்கு: மொத்த வாராக் கடன் விகிதம், ஒதுக்கீடு போக எஞ்சும் நிகர வாராக் கடன், மூலதனப் போதுமை விகிதம் (கொடுத்த கடன்களின் ஆபத்தோடு ஒப்பிட்ட சொந்த மூலதனத்தின் அளவு), நடப்பு மற்றும் சேமிப்புக் கணக்கு வைப்புகளின் பங்கு. மூலதனப் போதுமை, பாதுகாப்புத் தாங்கலையும் சேர்த்து 11.5 சதவீதம் இருந்தாக வேண்டும். அந்த எல்லைக்கு அருகே வரும் வங்கி புதுப் பங்குகளை வெளியிட்டு நம் பங்கை நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கும். வங்கியல்லாத நிதி நிறுவனமாக இருந்தால், அது வாங்கிய கடன் எப்போது முதிர்கிறது, கொடுத்த கடன் எப்போது திரும்பும் என்பதைப் பாருங்கள். டிஎச்எஃப்எல் நிறுவனம் பல ஆண்டுகளுக்கு நீளும் வீட்டுக் கடன்களைக் கொடுத்துவிட்டு, நிதித் தேவையில் ஒரு பகுதியைக் குறுகிய காலப் பத்திரங்களால் சமாளித்தது. 2018 செப்டம்பர் 21 அன்று அந்தப் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் விழுந்து முடிந்தது. அன்று மலிவென்று வாங்கி வைத்துக்கொண்டவர்களின் பங்குகளுக்கு, 2021இல் திவால் தீர்வு நிறைவேறியபோது மதிப்பு சுழியமானது.

எனவே மீண்டும் வாங்குமுன் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். நிறுவனத்தின் கடன், அடமானம், தர மதிப்பீடு ஆகியவை முதல் முறை வாங்கியபோது இருந்ததைவிட மோசமாகியிருக்கக் கூடாது. வாங்கிய பின்னரும் அதன் எடை, நீங்கள் எழுதி வைத்த வரம்பைத் தாண்டக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தப் பணத்தை வேறு பங்குக்குக் கொண்டு செல்லுங்கள்.

அறிகுறி: பி/இ விகிதம் மிகக் குறைவு, ஆனாலும் விலை ஏறவில்லை

எஃகு, அலுமினியம், சர்க்கரை, கப்பல் போக்குவரத்து, அடிப்படை வேதிப்பொருள் ஆகிய துறைகளில் லாபம் அலைபோல் ஏறி இறங்கும். அலையின் உச்சியில் லாபம் பெரிதாக இருப்பதால், பங்கின் விலையை ஒரு பங்குக்கான ஓராண்டு லாபத்தால் வகுத்துக் கிடைக்கும் பி/இ விகிதம் சிறிதாகத் தெரியும். டாடா ஸ்டீல் 2021-22இல் சுமார் 41,700 கோடி ரூபாய் ஒருங்கிணைந்த லாபம் காட்டியபோது, அதன் பி/இ விகிதம் நான்கைச் சுற்றியே இருந்தது. அடுத்த ஆண்டு லாபம் சுமார் 8,100 கோடியாகச் சுருங்கியது; 2023-24இல் சுமார் 4,900 கோடி நஷ்டம். நிறுவனம் கெட்டுவிடவில்லை, நிர்வாகம் ஏமாற்றவும் இல்லை; எஃகு விலையும் ஐரோப்பியப் பிரிவின் சுமையும் அப்படி அமைந்தன.

இத்தகைய துறைகளுக்கு ஓராண்டு லாபத்தை விட்டுவிட்டு, ஏழு முதல் பத்து ஆண்டு சராசரி லாபத்தைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடுங்கள். கடன் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், ஏனெனில் தாழ்ந்த ஆண்டுகளைக் கடக்க வைப்பது குறைந்த கடன்தான். சுழற்சித் துறைகள் அனைத்தும் சேர்ந்து தொகுப்பில் 15 சதவீதத்துக்குள் இருப்பது, தினமும் உலோக விலையைப் பின்தொடர நேரம் இல்லாதவர்களுக்கு ஏற்றது.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: நிறுவனம் நன்றாக இருக்கிறது, லாபமும் வளர்கிறது, பங்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் நகரவில்லை. இந்துஸ்தான் யுனிலீவர் 2021 செப்டம்பரில் 2,800 ரூபாயை எட்டியது. 2024 முடியும்போது 2,400க்கும் கீழே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் லாபம் குறையவில்லை. வாங்கியபோது கொடுத்த விலைதான் வரவிருந்த பல ஆண்டு வளர்ச்சியை முன்கூட்டியே விழுங்கியிருந்தது. இங்கே நிறுவனத்தைச் சோதிப்பதில் நேரம் செலவிட வேண்டாம். எடை வரம்புக்குள் இருந்தால் வைத்திருக்கலாம். புதிய பணத்தை மட்டும் நியாயமான விலையில் கிடைக்கும் வேறு பங்குக்கு அனுப்பலாம்.

அறிகுறி: ஒரு பங்கு வளர்ந்து தொகுப்பையே மூடிவிட்டது

இது மகிழ்ச்சியான கோளாறு என்பதால் பலர் தொடுவதில்லை. மியூச்சுவல் ஃபண்டுகளில் குறியீட்டு, துறைசார் திட்டங்களைத் தவிர்த்த மற்றவை, ஒரு நிறுவனத்தின் பங்கில் நிகரச் சொத்து மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்று செபி விதித்திருக்கிறது. முழுநேர ஆய்வாளர்களை வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு என்றால், தனிநபருக்கு அதைவிடத் தளர்வான வரம்பு தேவையா என்று யோசித்துப் பாருங்கள். வளர்ச்சியால் 15 வரை போவதை நான் பொறுத்துக்கொள்வேன்; அதற்கு மேல் குறைத்தே ஆக வேண்டும்.

ஒரே நாளில் குறைக்க வேண்டியதில்லை. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்கும்போது, ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரையான நீண்டகால ஆதாயத்துக்கு வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலையில் வந்த இந்த விகிதப்படி மார்ச் இறுதிக்குள் ஒரு பகுதி, ஏப்ரலில் இன்னொரு பகுதி என்று விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கையும் பயன்படுத்தலாம். விற்க மனமில்லாவிட்டால், மாதந்தோறும் போடும் புதிய பணத்தை மற்ற துறைகளுக்குத் திருப்பினாலே எடை மெல்லக் குறையும். தாம் பணிபுரியும் நிறுவனத்தின் பங்குகளை ஊதியத்தின் பகுதியாகப் பெறுபவர்கள் மட்டும் காத்திருக்கக் கூடாது. அந்த நிறுவனம் தடுமாறினால் சம்பளமும் சேமிப்பும் ஒரே மாதத்தில் பாதிக்கப்படும்.

அறிகுறி: விற்க நினைத்தும் விற்க முடியவில்லை

வாங்குபவர் இல்லாத கீழ் சர்க்யூட்டில் சிக்கிய பின் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒவ்வொரு காலையும் சந்தை திறக்குமுன் விற்பனை ஆணையை வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். முன்கூட்டியே செய்யும் சோதனை எளிது. அந்தப் பங்கில் கடந்த சில மாதங்களின் சராசரி தினசரி டெலிவரி எண்ணிக்கையை, அதாவது அன்றே திருப்பி விற்கப்படாமல் உண்மையில் கைமாறும் பங்குகளின் எண்ணிக்கையை, பாருங்கள். உங்களிடம் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால், விற்பதற்குப் பல நாள்கள் ஆகும் என்று கணக்கில் கொண்டு எடையைக் குறைவாக வையுங்கள்.

சோதனைகளை எப்போது செய்வது

விலையைத் தினமும் பார்ப்பதால் இந்தக் கோளாறுகளில் எதுவும் தெரியப்போவதில்லை. காலாண்டு முடிந்த 21 நாள்களுக்குள் பங்குடைமை அறிக்கையும், 45 நாள்களுக்குள் காலாண்டு முடிவுகளும், நிதியாண்டு முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டு முடிவுகளும் வெளிவந்தாக வேண்டும். ஆகவே பிப்ரவரி நடு, மே இறுதி, ஆகஸ்ட் நடு, நவம்பர் நடு ஆகிய நான்கு வேளைகளில் அட்டவணையைப் புதுப்பித்தால் போதும். எடை, ஊற்று, அடமானம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள்; ஐந்தாண்டுப் பணவரவுக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் போடுங்கள். இடையில் தணிக்கையாளர் விலகல், தர மதிப்பீட்டுக் குறைப்பு என்ற இரண்டு செய்திகள் வந்தால் மட்டும் காலாண்டுக்காகக் காத்திருக்காமல் அன்றே அட்டவணையைத் திறக்க வேண்டும்.